முதல் ஆட்டத்துக்கும் வாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



ஹாஸ்டல் சாம்பார், கேன்டீன் கடன், அரக்கோணம் லோக்கலைப் பிடிக்க மணவூர் ஸ்டேஷனுக்கு ஓடிய ஓட்டம் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் இன்று மாலை நடக்கவிருக்கும் கூடைப்பந்து இரட்டை ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரே மாலை, ஒரே களம், இரண்டு ஆட்டம். 4.30 மணிக்கு மாணவியர், 6.30 மணிக்கு மாணவர். நம் அணிகளோடு மோத வெளிக் கல்லூரி அணிகள் வரும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 1934 டிசம்பர் 29 அன்று, நெட் ஐரிஷ் என்ற பத்திரிகையாளர் ஒரே டிக்கெட்டில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை நடத்தினார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். அப்படியும் 16,000 பேருக்கு மேல் வந்தார்கள். சின்ன ஜிம்களில் நடந்துகொண்டிருந்த கல்லூரிக் கூடைப்பந்து பெரிய அரங்குக்கு வந்தது. கூட்டத்தின் பின்னாலேயே சூதாட்டமும் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதாக 1951ல் பல வீரர்கள் கைதானார்கள். 1950ல் இரண்டு தேசியப் பட்டங்களையும் வென்ற சிட்டி காலேஜ் வீரர்களும் அதில் அடக்கம். கூட்டத்தை மட்டுமே பார்த்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சி நானேதான்.

நான் இறுதியாண்டு படித்தபோது விளையாட்டுச் செயலாளர். அன்று மைக் செட் தகராறில் முதல் ஆட்டம் அரை மணி தாமதம். நம் களம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்து வெயில் மேற்குப் பக்கக் கூடையைப் பார்த்து எறிபவர் கண்ணில் நேராக அடிக்கும். பெஞ்சில் இருபது பேர் இருந்தால் அதிகம். மாணவியர் மூன்றாம் குவார்ட்டரை முடித்தபோது நாலு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் சேர்ந்துவிட்டது. நான் நடுவரிடம் ஓடிப்போய், "சார், கடைசி குவார்ட்டரை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். இரண்டு அணியும் தலையாட்டின. தலையாட்டாமல் என்ன செய்வார்கள்?

நம் பிள்ளைகள் ஒரு புள்ளியில் தோற்றார்கள். அவர்களுடைய கேப்டன் என் வகுப்புத் தோழி. தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தவள், "உங்க மேட்ச்ல அஞ்சு நிமிஷத்தைக் குறைச்சிருப்பியாடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில், கைதட்டலுக்கு நடுவே, நாங்கள் முழு நாற்பது நிமிஷம் ஆடி ஜெயித்தோம்.

இன்று நான் கட்டடப் பொறியாளன். கான்கிரீட் போட்ட பிறகு கியூரிங்கில் ஒரு நாளைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்டால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறேன். அன்று அந்தப் புத்தி எனக்கு இல்லை.

பெண்கள் இந்த விளையாட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்களும் அல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இதை உருவாக்கினார். மறு வருஷமே, 1892ல், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். தொடர்ந்து 9 ஆசியச் சாம்பியன்ஷிப் ஆடியவர். 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகளைச் சேர்த்தே நடத்தியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. நடராஜப் பெருமானும் காளியும் போட்டி போட்டு ஆடிய ஊர் அது. ஐயன் காலைத் தூக்கி ஆடி ஜெயித்தார் என்கிறது தலபுராணம். ஆனாலும் காளியை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் ஐயனிடம் போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அங்கே முதல் இடம் என்றால் மரியாதை. நம் களத்தில் அது கூட்டம் சேரும்வரை நேரம் போக்குகிற இடமாகிவிட்டது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் வரிசையை மாற்றி மாற்றி வையுங்கள்; ஒரு வருஷம் மாணவியர் விளக்கு வெளிச்சத்தில் ஆடட்டும். விருந்தினர் யாராக இருந்தாலும் கடிகாரத்தில் கைவைக்க வேண்டாம். மேற்குப் பக்கம் வெயில் மறைக்கும் தட்டிக்கு ஆகும் செலவு என்னுடையது.

அந்தத் தோழி இன்று வந்திருக்கிறார். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். சரியாக 4.30க்கு பெஞ்சில் சந்திப்போம்.