உறுதிமொழியும் மனச்சான்றும்



1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முகப்புரை விவாதிக்கப்பட்டது. அதைக் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார் எச்.வி. காமத். நம்பிக்கையில் கட்டாயத்தைப் புகுத்துவதாகும் என்று எதிர்த்தார் பட்டம் தாணு பிள்ளை. ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது. எதிர்த்தோர் எல்லோரும் நாத்திகர் அல்லர். ‘மக்களாகிய நாம்’ என்பதில் நம்பாதவரும் அடங்குவர் என்பதே அந்த முடிவின் பொருள்.

அமெரிக்காவிலோ, கம்யூனிச எதிர்ப்பு வெறி ஓங்கியிருந்த 1954இல், கொடி உறுதிமொழியில் கடவுளின் பெயர் செருகப்பட்டது. நாட்டுப்பற்றுக்கு நம்பிக்கை நிபந்தனையாயிற்று.

நமது அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம்; அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் சமமே. 1969ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டம் நீதிமன்றச் சாட்சிகளுக்கும் இவ்வுரிமையை அளிக்கிறது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறும் தொழிலாளிக்கு இதை எடுத்துச் சொல்பவர் யார்? சொல்லிக்கொடுத்த சொற்களை அவர் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறார்.

ஏட்டில் உள்ள உரிமையை மக்களிடம் கொண்டுசெல்வது நமது கடமை. நம்புகிறவரின் உரிமையையும் நம்பாதவரின் உரிமையையும் ஒருசேரக் காப்பதே மதச்சார்பின்மை.