எழுதிக் கொடுத்த கதையும் எழுதாமல் விட்ட கதையும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் வாசித்த நாவல்கள், நினைவுக் குறிப்புகள் பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள. நான் விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. வாசிக்கிற ஆள். பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்லுவேன், கோபிக்க வேண்டாம்.

"எங்களுக்கு எழுத வராது" எண்டு பலர் சொல்லுவினம். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிற பெரியவர்களில் கனபேர் ஒரு சுயசரிதை எழுதியவர்கள்தான். அகதிக் கோரிக்கைக்கு எழுதிக் கொடுத்த கதையைத்தான் சொல்லுகிறேன். 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், அகதி கேட்டு வந்தவர் தன் கதையை நேரில் வாயால் சொல்லும் உரிமை உறுதியானது. 1989இல் குடிவரவு, அகதிகள் சபை வந்தது. படிவம் நிரப்பினோம், ஹியரிங்குக்குப் போனோம்.

அந்தப் படிவம் கேட்டது என்ன? உமக்கு யார் என்ன செய்தார்கள், திரும்பிப் போக ஏன் பயம், அவ்வளவுதான். திகதி பிசகக் கூடாது, சொன்னது மாறக் கூடாது. உயிர் தப்ப வந்தவர்களுக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போனபோது நாங்கள் கதவைச் சாத்தியதை எழுத அதில் இடம் இல்லை.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) தொடங்குவதே பிரான்சில் அகதி கேட்கும் ஒருவரின் விண்ணப்பக் கடிதத்தோடுதான். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தொண்டை அடைத்தது. அடுத்து வருவது ரொக்கிராஜ் என்ற தீவுப் பகுதிப் பெடியனின் கதை. வீட்டிலும் அடி, இயக்கத்திலும் அடி. 'கொரில்லா' என்பது ஊரார் அவன் தகப்பனுக்கு வைத்த பட்டம். சில இடங்களில் மொழி முகம் சுளிக்க வைக்கும். ஆனாலும் விண்ணப்பத்தில் எழுத முடியாததை எழுத ஒரு நாவல் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தது ஒரே வீட்டில் பிறந்த இருவரின் புத்தகங்கள். சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003இல் வந்தது. அவருடைய சகோதரி புஷ்பராணியின் 'அகாலம்' 2012இல் வந்தது. புஷ்பராஜாவின் புத்தகம் பெரியது. அமைப்புகள், பெயர்கள், பிளவுகள் என்று போகிறது. வரலாறு தெரிய வேண்டியவர்களுக்கு அது வேண்டும். எனக்குப் பிடித்தது புஷ்பராணியின் புத்தகம்தான். 1970களில் ஒரு மயிலிட்டிப் பெண் அரசியலுக்கு வந்ததும், பொலிசில் பட்ட சித்திரவதையும், பிறகு சனம் அவரைப் பார்த்த பார்வையும் அதில் இருக்கின்றன. ஒரே காலத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதினால் இரண்டு கதை வரும். அதற்காக ஒன்று பொய் என்று ஆகிவிடாது.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் புற்றுநோயால் இறந்து சில மாதங்களில் வெளிவந்தது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர்; 2009க்குப் பிறகு சிறையிலும் புனர்வாழ்விலும் இருந்தவர். இந்தப் புத்தகம் வந்தபோது "எல்லாம் அவர் எழுதியதுதானா?" என்ற கேள்வி எழுந்தது. கேட்கலாம். ஆனால் கனபேர் வாசிக்காமலே கேட்டார்கள். ஒரு பக்கத்தார் காட்டிக்கொடுப்பு என்றார்கள், மற்றப் பக்கத்தார் இது காணாது என்றார்கள். அகதிச் சபையில் எங்களை விசாரித்த மாதிரியே நாங்களும் புத்தகங்களை விசாரிக்கிறோம். இவர் எந்த இயக்கம்? முந்தி ஏன் சொல்லவில்லை? இப்ப ஏன் சொல்லுகிறார்? முந்தி ஏன் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியாதா? 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான வைத்தியர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதுவது அந்தளவு ஆபத்தாக இருந்த காலம் அது.

ராஜினியை நினைவூட்டும் ஒரு விரிவுரையாளர் வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' நாவலிலும் வருகிறார். 2024இல் இங்கிலாந்தின் பெண்களுக்கான புனைகதைப் பரிசு இந்த நாவலுக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, நாலு சகோதரர்கள். 1983 கலவரம் ஒருவனைக் கொண்டு போகிறது, இயக்கம் வேறு இருவரைக் கொண்டு போகிறது. அவளுக்கு அரசாங்கத்திலும் கோபம், இயக்கத்திலும் கோபம், ஆனால் தம்பி தமையன் மேல் பாசம் போகவில்லை. எங்களில் கனபேரின் நிலைமையும் அதுதானே? தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுங்கள். வாசித்துவிட்டு அவர்கள் கேள்வி கேட்பார்கள். "அதெல்லாம் பழைய கதை, விடு" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.

தமிழில் நீளமாக வாசிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, எங்கள் ரொறன்ரோவில் வாழும் தேவகாந்தனின் 'கனவுச்சிறை' இருக்கிறது. ஐந்து பாகம்; 1981 முதல் 2001 வரை இருபது வருடக் கதை. சில இடங்களில் இழுபடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வெளிநாடு போனவனை மட்டும் சொல்லாமல், அவனுக்காகக் காத்திருந்தவளையும் சொல்லுகிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அலுமாரியில் அந்தப் பழைய கேஸ் பேப்பர்கள் இன்னும் இருக்கும். எடுத்து வாசியுங்கள். பிறகு ஒரு கொப்பி எடுத்து, அதில் இல்லாததை எழுதுங்கள். உங்களுக்குச் சோறு தந்தவர்களை, வழியில் விட்டுவிட்டு வந்தவர்களை, கண்டும் பேசாமல் இருந்த நாட்களை எழுதுங்கள். ஊர்ப் பேச்சிலேயே எழுதலாம். அச்சில் வரத் தேவையில்லை, ஆருக்கும் காட்டவும் தேவையில்லை. திகதி பிசகினாலும் பரவாயில்லை. இந்த முறை ஒருவரும் உங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.