சோதனையும் அதன் முடிவும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்து இளைஞர் பலர் பிழைப்பை நாடிச் சென்னை சென்று, தியாகராய நகர்க் கடைகளிலும் அடையாற்றுக் கட்டட வேலைகளிலும் உழைக்கின்றனர். அவருள் ஒருவருக்கு எச்.ஐ.வி. பற்றிய ஐயம் எழுமாயின், சோதனைக்குச் செல்லவிடாது தடுப்பது ஊரார் பேச்சைப் பற்றிய அச்சமே. அவ்வச்சத்தைப் போக்குதல் நம் கடமையாகும்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையிலேயே. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி வேலூரில் சோதிக்கப்பட்டது. ஆறு பெண்களுக்குக் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. எனினும் அம்மருத்துவர்கள் அத்துடன் அமையவில்லை. அப்பெண்களிடம் மீண்டும் குருதி பெற்று, அமெரிக்காவில் வேறொரு முறையால் சோதித்த பின்னரே உறுதி கொண்டனர். டாக்டர் சாலமன் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர், அடையாற்றை அடுத்த தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் பல்லாண்டு தொண்டாற்றியது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? முதற் சோதனையில் கிருமி இருப்பதாகத் தோன்றினால், அதுவே முடிவன்று. மூன்று வெவ்வேறு சோதனைகள் ஒத்துவந்தாலே உறுதி கூறப்படும். ‘இல்லை’ என்ற விடையையும் ஆராய்ந்து கொள்ள வேண்டும். கிருமி புகுந்தவுடன் குருதியில் அதன் எதிர்ப்பொருள் தோன்றிவிடாது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, ஐயத்திற்குரிய நிகழ்ச்சி அண்மையில் நேர்ந்திருப்பின், அதிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுமுறை சோதித்தல் நலம்.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். கிருமி உறுதியானாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. அரசு 2004 முதல் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. அதனை நாள் தவறாது உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். குருதியில் கிருமி அளவிட இயலாதவாறு குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாகத் துணைவர்க்கும் பரவாது. கருவுற்ற தாய் காலத்தே அறிந்து மருந்துண்டால் குழந்தையைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம்.

ஒருவரது இசைவின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆதலின், மையத்திற்குச் சென்று வந்தவரை, "எதற்குப் போனீர்?" என்று நம்மில் எவரும் வினவலாகாது. ஐயமுற்றோர்க்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தெரிவிப்போம். ஊர் வாய் மூடினால், அஞ்சி நிற்பவர் தாமே மையத்தின் வாயிலை நாடுவர்.