கடன்சுமையும் மனநல மருத்துவமும்
(கொள்ளேகால் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது கொள்ளேகால். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மாநிலம் மாறினாலும், மனநோய்க்கு உயர்சிகிச்சை தேடுவோர் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் நிலை மாறவில்லை. பட்டு நூற்பாலைத் தொழிலாளிக்கு ஒருநாள் பயணம் என்பது ஒருநாள் கூலி இழப்பு.

இந்தப் பயணத்தைக் குறைக்கவே மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் 4 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியது கர்நாடகத்தின் பெல்லாரிதான். எனினும், 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரும்பாலான மனநோய்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்றது. மருந்தை வாங்கி அனுப்பிவிடலாம். மனிதர்களை அவ்வாறு அனுப்ப இயலாது.

கல்விக்கடன் பெற்றுப் படித்த உளவியலாளருக்குப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடுகிறது. ஒப்பந்த ஊதியத்தில் மலையடிவாரத்தில் பணியாற்ற மனமிருந்தாலும், வங்கியின் தவணை நகரத்துத் தனியார் மருத்துவமனையை நோக்கித் தள்ளுகிறது. இதைத் தனிமனிதரின் சுயநலம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது, நியாயமன்று.

அமெரிக்காவில் தேசிய சுகாதாரப் பணிப்படை, மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் குறைந்தது இரண்டாண்டு பணிபுரியும் உளவியலாளர், சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோரின் கடனை அடைக்க உதவுகிறது. கல்வியைக் கடனுக்கு விற்கும் முதலாளித்துவம் தன் புண்ணுக்குத் தானே இட்ட கட்டு அது. கட்டு பயன்படுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கர்நாடகம் நேர்மாறான வழியில் சென்றது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு கட்டாயப் பணியை விதித்தது. தவறினால் லட்சக்கணக்கில் அபராதம். கடனைப் பற்றி அது பேசவில்லை. உளவியலாளரும் சமூகப் பணியாளரும் அதன் வரம்பிலேயே இல்லை. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசோ 2017இல் 900 கோடி ரூபாயில் கல்விக்கடன் நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. எளிய குடும்பங்களின் தவணையில் ஒரு பகுதியை அரசே ஏற்றது. ஆனால் அதில் சேவை நிபந்தனை இல்லை.

கடனை அரசு அடைத்தால் லாபம் வங்கிக்குத்தானே என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி சரியானதே. இலவசக் கல்விக்கான போராட்டத்தைக் கடன் நிவாரணம் ஈடுசெய்யாது. ஒப்பந்த முறையை மூடிமறைக்கும் திரையாகவும் அது ஆகிவிடக் கூடாது. ஆகவே நிரந்தரப் பணியிடமே முதல் கோரிக்கை. அப்பணியில் சேருவோரின் கடனை, பணிபுரியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பங்காக அரசு ஏற்பது அடுத்த கோரிக்கை.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. மாதேஸ்வரன் மலைப்பகுதியில் தமிழ் பேசுவோரும் சோலிகர் பழங்குடியினரும் வாழ்கின்றனர். மனத்துயரை மொழிபெயர்ப்பாளர் வழியே சொல்வது கடினம். எனவே அந்த ஊர்களின் பிள்ளைகளே மனநலச் செவிலியராகவும் ஆலோசகராகவும் பயில, கட்டணம் முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். அவர்களுக்குக் கடனே வேண்டாம்.