கேமரா யார் கையில்?

(மருங்காபுரி ஒன்றிய மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசிப் பொருள், நம்ம ஒன்றியத்தில் இரண்டு நாள் திரைப்பட விழா நடத்தலாமா என்பது. போன கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு அக்கா, "வீட்டுல டிவி இருக்கு, கையில செல்போன் இருக்கு. படம் பார்க்க எதுக்குக் கூட்டம் போடணும்?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தியேட்டருக்கும் டிவிக்கும் சுலபமாக வராத நல்ல படங்களைத் தேடிக் கொண்டு வந்து, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசுவதுதான் திரைப்பட விழா. சென்னையில் 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. கேரளத்தில் 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா, இப்போது வருடா வருடம் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. 2021-ல் கொரோனா காரணமாக அதை நான்கு ஊர்களுக்குப் பிரித்து, கொச்சி, பாலக்காடு, தலச்சேரியிலும் நடத்தினார்கள். தலைநகரத்தை விட்டு விழா வெளியே வர முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சரி, என்ன படம் போடலாம்? முதலில் நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். துவரங்குறிச்சியில் பஸ் ஏறினால் மேலூர் எவ்வளவு தூரம்? அந்த மேலூர்ப் பக்கத்துப் பையன் பி.எஸ்.வினோத்ராஜ். சின்ன வயசில் மதுரை பூ மார்க்கெட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். அவர் எடுத்த 'கூழாங்கல்' படத்துக்கு 2021-ல் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் விழாவில் முதல் பரிசான புலி விருது கிடைத்தது. குடிகாரப் புருஷன், அம்மா வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டி வர, பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு போகிறான். வேகாத வெயிலில் அந்த நடைதான் கதை. வினோத்ராஜின் தங்கையைப் புகுந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட, அந்தப் பெண் குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்தாராம். அதிலிருந்து பிறந்த கதை இது. ஊற்றில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிற காட்சி அதில் வருகிறது. நம்மில் எத்தனை பேர் அப்படிக் காத்துக் கிடந்திருக்கிறோம்! அதை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து மதித்தார்கள். நாம் இன்னும் பார்க்கவில்லை.

அட்டப்பாடி நஞ்சியம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. இருளர் இனத்துப் பெண். ஆடு மாடு மேய்த்தவர். 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் தன் தாய்மொழியிலேயே பாடினார். சிறந்த பாடகிக்கான தேசிய விருதை 2022 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். கொடுத்தவரும் பழங்குடிப் பெண், வாங்கியவரும் பழங்குடிப் பெண்.

வெளிநாட்டுப் படத்துக்கு ஈரான் நாட்டின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' போதும். 1997-ல் மஜித் மஜிதி எடுத்தது. தங்கச்சியின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன், அப்பாவிடம் காசு இல்லை என்று தெரிந்து சொல்லாமல் மறைக்கிறான். ஒரே ஜோடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். பாஷை புரியாவிட்டாலும் இந்தக் கஷ்டம் புரியாதா?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. அதிலுள்ள தலித் பெண்கள், நம்மைப் போலவே சங்கமாகச் சேர்ந்தவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்கள். 2002-ல் பி.டி. பருத்தி வந்தபோது வாரங்கல் விவசாயிகளின் வயல்களுக்குப் போய், விதைப்பு முதல் அறுவடை வரை என்ன நடந்தது என்று மூன்று ஆண்டுகள் படம் பிடித்தார்கள். அந்தப் படங்கள் வெளிநாடுகளிலும் திரையிடப்பட்டன. 2008-ல் சொந்தமாக ஒரு சமுதாய வானொலியும் தொடங்கினார்கள்.

கேமரா கோணங்களுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்க. மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. பட்டேல் என்றால் நிலச்சுவான்தார். அவர் கூலியாளைப் பார்க்கிற பார்வை. கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. ஏனென்றால் சங்கத்தில் எல்லாரும் ஒரே பாயில் சமமாக உட்காருகிறோம்.

நம்ம ஊருக்கும் கேமராவோடு நிறையப் பேர் வருகிறார்கள். வறட்சி என்றால் காலிக் குடத்தோடு நிற்கச் சொல்வார்கள். கடன் விழா என்றால் காசோலையைப் பிடித்துச் சிரிக்கச் சொல்வார்கள். எந்தப் பார்வையில் நம்மை எடுக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? இனிமேல் யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்க: எதுக்கு எடுக்கறீங்க? எங்கே காட்டுவீங்க? எடுத்ததை எங்களுக்குப் போட்டுக் காட்டுவீங்களா? எங்களை மாதிரி தொண்டு நிறுவனக்காரர்களிடமும் கேளுங்க. பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல படங்களைப் பார்த்துப் பேசிப் பழகினால்தான் இந்தக் கேள்வி தைரியமாக வாயில் வரும். அந்த அக்காவுக்கு என் பதில் இதுதான்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சமுதாயக் கூடம், வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், ஒலிபெருக்கி போதும். படத்துக்கு உரிமை உள்ளவர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். வெளிநாட்டுப் படத்தில் கீழே ஓடும் எழுத்தை, கல்லூரி படிக்கிற நம்ம பிள்ளைகள் மைக்கில் தமிழில் சொல்லட்டும். சமையல் முடித்து வர வசதியாக ஏழு மணிக்குத் தொடங்கலாம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் நாம் பேச வேண்டும். அதை மட்டும் விடக்கூடாது.

முடிவு உங்களுடையது. உங்கள் குழுக்களில் பேசி, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. விழா நடந்தால், கடைசி நாளில் நம்ம பெண்களே செல்போனில் எடுத்த ஐந்து நிமிஷப் படம் ஒன்றாவது ஓட வேண்டும் என்பது என் ஆசை. அதில் ஒரு சங்கம் ஷாட்டாவது இருக்கட்டும்.