பெருங்குடற் பரிசோதனையில் புதிய ஒளி



குடலைப் பற்றிப் பலர் நடுவே பேச நாம் கூசுகிறோம். அக்கூச்சத்தினாலேயே பலர் நோய் முற்றிய பின்னர் மருத்துவர்களாகிய எங்களிடம் வருகின்றனர். ஆகவே இன்று மனந்திறந்து பேச விழைகிறோம்.

பெருங்குடற் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் முதலில் ஒரு சிறு சதைமொட்டு அரும்புகிறது. இதனைப் பாலிப் என்பர். இவற்றுள் சில, பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து புற்றாகின்றன. கொலனோஸ்கோப் என்னும் வளையும் குழாயைச் செலுத்தி, மொட்டைக் கண்டு அகற்றிவிட்டால், வரவிருந்த நோயையே தடுத்துவிடலாம்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரையே அடுத்தடுத்து இருமுறை பரிசோதித்த ஆய்வுகளில், புற்றாக மாறக்கூடிய மொட்டுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் முறை கண்ணுக்குத் தப்பியிருந்தது. தப்பியவற்றுள் பல மிகச் சிறியவை. சில தட்டையாய், சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே இருப்பவை.

இக்குறையைப் போக்க, 1970-களில் ஜப்பானிய மருத்துவர்கள் இண்டிகோ கார்மைன் என்னும் நீலச் சாயத்தைக் குடலினுள் தெளித்துப் பார்த்தனர். சாயம் பள்ளங்களில் தேங்கவே, மொட்டின் விளிம்பு துலங்கியது. பின்னர், சாயமின்றி ஒளியையே வடிகட்டும் முறை வந்தது. நேரோ பேண்ட் இமேஜிங் எனப்படும் இம்முறையில், 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல, பச்சை ஒளிகள் மட்டுமே பாய்ச்சப்படுகின்றன. இவற்றை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் இரத்த நாளங்கள் கருத்துத் தெரிகின்றன. நாளங்கள் செறிந்த மொட்டு பழுப்பாகத் தனித்து நிற்கிறது. அண்மை ஆண்டுகளில், ஐயமுள்ள இடத்தைக் கணினியே திரையில் கட்டமிட்டுக் காட்டவும் செய்கிறது.

எனினும், 11 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒரு பாடம் புகட்டியது. குடல் மிக நன்றாகத் தூய்மையாக இருந்தவர்களிடத்திலேயே அவ்வொளியின் பயன் தெளிவாகப் புலப்பட்டது. மலம் மூடிய இடத்தில் எந்த ஒளிதான் என் செய்யும்?

ஆகவே பாதிப் பொறுப்பு உங்களுடையது. பேதி மருந்தைச் சொன்ன நேரத்தில், சொன்ன அளவில், மீதம் வைக்காமல் அருந்துங்கள். மறுபாதி எங்களுடையது. குழாயை வெளியே இழுக்கையில் குறைந்தது 6 முதல் 8 நிமிடமேனும் ஒவ்வொரு மடிப்பையும் பொறுமையாய் நோக்குவது எங்கள் கடன்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம்தான் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதுக்குள்ளாகவே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். கூச்சம் ஒரு நாள். உயிரோ குடும்பம் முழுமைக்கும் உரியது.