கொச்சிக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமையில் கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள். மெழுகுதிரியோடு நிற்கிற கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றியும் உண்டு, பன்சலைக்குப் போகிற சிங்களத் தாயும் உண்டு. அவர்கள் யாரும் மதம் மாற வரவில்லை. மகனின் விசா, மகளின் கலியாணம், தீராத வருத்தம் என்று ஆளுக்கொரு காரியம் சொல்ல வந்திருக்கிறார்கள்.

இதை என்னவென்று சொல்வது? 1890இல் 'பொற்கிளை' என்ற பெருநூலை எழுதிய ஜேம்ஸ் பிரேசர், மந்திரச் சடங்கைப் பிழையாகிப்போன விஞ்ஞானம் என்றார். நம்மில் படித்தவர்கள் பலர் இன்றும் அந்தக் கோலால்தான் அளக்கிறோம். 'மூடநம்பிக்கை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்த அளவுகோல் 2019 ஏப்ரல் 21இல் நடந்ததன் முன் முறிந்துபோகிறது. உயிர்த்த ஞாயிறு பூசை நேரத்தில் அந்தக் கோயிலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. புனிதர் காப்பாற்றுவார் என்ற கணக்கில் மட்டும் சனம் அங்கே வந்திருந்தால், அன்றோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. யூன் 12இல் ஆலயம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது, மறுநாள் அந்தோனியார் திருநாள். சனம் வந்தது. இன்றும் வருகிறது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு தமிழரிடம் போவோம். 1929இல் இலங்கையில் பிறந்து, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக உயர்ந்த ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. 1968இல் லண்டனில் மலினோவ்ஸ்கி நினைவுப் பேருரையை ஆற்றினார். மலினோவ்ஸ்கி, துரோபிரியாந்துத் தீவுகளில் கண்டதை எழுதியவர். உள்வாவியில் மீன்பிடிக்க அந்த மக்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை, ஆழ்கடலுக்குப் போகத்தான் மந்திரம். அச்சம் இருக்கிற இடத்தில் சடங்கு இருக்கிறது. நம் கொச்சிக்கடை ஐதீகமும் அப்படித்தான்: ஒல்லாந்தர் காலத்தில் கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அந்தோனியோ என்ற அடிகளாரிடம் ஓடினார்கள், அவர் சிலுவையை நட்டுச் செபித்தார், மணல்திட்டு எழுந்தது என்பார்கள்.

தம்பையா அச்சத்தோடு நின்றுவிடவில்லை. சடங்கில் சொல்லும் செய்கையும் சேர்ந்து ஒரு காரியத்தை ஆக்குகின்றன என்றார். தாலி கட்டும்போது அது உண்மையா பொய்யா என்று யார் கேட்கிறோம்? முறையாகக் கட்டியாயிற்றா என்றுதான் பார்க்கிறோம். கெட்டிமேளம் ஓயும்போது அவர்கள் கணவன் மனைவி. குண்டு வெடித்த தலத்தில் திரும்பவும் மெழுகுதிரி ஏற்றியவர்களும் ஒன்றை ஆக்கினார்கள் என்பது என் துணிபு. அந்த இடத்தைக் கொலைகாரரிடமிருந்து மீட்டார்கள்.

அதே பேருரையில் இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சிங்களவரின் பிணிதீர்க்கும் சடங்குகளில் புத்தரைப் போற்றப் பாளி, தேவர்களுக்குச் சமஸ்கிருதம். பேயை அதட்டி ஏவும்போது மட்டும் சிங்களம், தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம், பாரசீகம்கூடக் கலந்த ஒரு மொழி. நோயாளிக்கு அது விளங்காது, பேய்க்கு விளங்குமாம். மொழிக்காக இரத்தம் சிந்திய நாட்டில் நோய் தீர்க்கிற மந்திரத்துக்குள் எல்லா மொழியும் ஒன்றாகக் குடியிருக்கின்றன! இதை எடுத்துச் சொன்னவர், 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டபோது ஆய்வுக்காக அங்கே இருந்தவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சடங்கு ஒரு காரியத்தை ஆக்குகிறது என்ற இந்தப் பார்வைக்குள் கலையும் வருகிறது. இதே கொழும்பில் 1877இல் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, வழிபாட்டையும் தொழிலையும் விட்டுக் கலையைத் தனியே பிரித்துப் பார்க்க மறுத்தவர். பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்த நடராசர் நூதனசாலைக் கண்ணாடிக்குள் நிற்கிறார், அழகுதான். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் திருவாதிரை அபிடேகம் கண்டவருக்கோ அந்த உருவம் எதற்காக வார்க்கப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். கொட்டாஞ்சேனையில், வெள்ளவத்தையில் உங்கள் அம்மம்மாவும் அப்பம்மாவும் நேர்த்தி வைக்கிறார்கள், நாவூறு கழிக்கிறார்கள், அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பாட்டியும் பால் தாய்மாருக்கான கிரி அம்மா தானம் கொடுக்கிறார். சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமையே கொச்சிக்கடையில் தொடங்கலாம்.